முப்பது நம்பர் ஆயில்

கரண்ட் தமிழ்நாட்டோடு கோவித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்த காலம் அது. காலையில் மூன்று மணி நேரம், மத்தியானம் மூன்று மணி நேரம், அப்புறம் விளக்கு வைக்கிற நேரம் பார்த்துச் சரியாக ஆறிலிருந்து எட்டு என்று அது பாட்டுக்கு வருவதும் போவதுமாக இருக்க, ஊர் உலகமெல்லாம் போனால் திட்டியது, வந்தால் 'ஹோ'வென்று கத்திக் கைதட்டியது. போடிநாயக்கனூர் பழைய மண்டித் தெருவில் மட்டும் எட்டு மணிக்குக் கரண்ட் வந்தால், 'அய்யய்யோ, அதுக்குள்ளயா' என்று பெரியவர் சின்னவர் எல்லாரும் சேர்ந்து புலம்பினார்கள். வெளியூர்க்காரன் கேட்டால் பைத்தியக்காரத் தெரு என்றுதான் சொல்லுவான். அவன் என்னத்தைக் கண்டான்.

எல்லாம் தவமணி ஊற்றிய ஒரு டின் ஆயிலால் வந்த வினை. வினை என்றும் சொல்லலாம், வரம் என்றும் சொல்லலாம், அது சொல்லுகிற ஆளைப் பொறுத்தது.

தவமணியின் வீட்டுக்காரர் மொக்கராசு அந்தத் தெருவில் முப்பத்தைந்து வருஷம் இன்ஜின் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற இன்ஜின், கிணற்றில் தண்ணி இறைக்கிற இன்ஜின், கல்யாண வீட்டு ஜெனரேட்டர், எதுவானாலும் சரி, சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் குரங்கணி மலைக்கு மேலே இருக்கிறவனும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து அவர் வாசலில்தான் இறக்குவான். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு மறதி வந்தது. முதலில் ஸ்பேனர் வைத்த இடம் மறந்தது, அப்புறம் வாடிக்கைக்காரன் பேர் மறந்தது, அப்புறம் வருஷங்களே மேலேயிருந்து ஒவ்வொன்றாக வெங்காயத் தோல் மாதிரி உரிந்து உரிந்து போய், எண்பத்து நாலாம் வருஷத்தில் வந்து நின்றது. அதற்கு இந்தப் பக்கம் அவருக்கு ஒன்றும் கிடையாது. எண்பத்தாறில் பிறந்து திருப்பூரில் குடியும் குடித்தனமுமாக இருக்கிற மகள் கிடையாது. இருபத்தெட்டு வயதுத் தவமணியை அவருக்கு நன்றாகத் தெரியும். வேளாவேளைக்குச் சோறு போட்டு, குளிப்பாட்டி, சட்டைப் பித்தானை மாட்டிவிடுகிற ஐம்பத்தாறு வயதுத் தவமணி யாரென்றே தெரியாது.

"சாப்பாடு நல்லா இருக்குங்கம்மா" என்பார், மரியாதைக்குக் குறைச்சல் இருக்காது. "ஆனா பொழுது சாஞ்சுருச்சு. ஆம்பள ஒத்தையில இருக்கற வீடு. எங்க வீட்டுக்காரி வந்து பாத்தா என்ன நெனைப்பா? நீங்க கெளம்புங்க."

தவமணி தலையில் அடித்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே போவாள். பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி வந்து, கொல்லைக் கதவைத் திறந்து சமையல்கட்டு வழியாக உள்ளே நுழைவாள். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய வீட்டுக்குள் கள்ளி மாதிரி வரவேண்டியிருக்கிறதே என்று முதல் மாசம் அழுதாள். ரெண்டு வருஷத்தில் அழுகையும் சலித்துப்போய், அந்தச் சந்து வழி நடையே அவளுக்கு ஒரு அன்றாட வேலை மாதிரி ஆகிவிட்டது.

ஆவணி மாசத்து அந்தி ஒன்றில் கரண்ட் போனதும் மொக்கராசு இருட்டுக்குப் பயந்து, 'தவம், தவம்' என்று கூப்பிட்டுக்கொண்டே சுவரைத் தடவ ஆரம்பித்தார். பக்கத்தில் நின்று, 'இங்கதாங்க இருக்கேன்' என்றால், 'நீங்க இல்லம்மா' என்றார். பொறுக்கமாட்டாமல் தவமணி, பூட்டிக் கிடந்த ஒர்க்‌ஷாப்பைத் திறந்தாள். விற்காமல் ஒரே ஒரு சின்ன ஜெனரேட்டர் மிச்சம் இருந்தது. மெக்கானிக் பெண்டாட்டிக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஆயில் குச்சியை உருவித் துடைத்து விட்டுப் பார்த்தாள், சொட்டு ஆயில் இல்லை. ஒர்க்‌ஷாப் பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினால் மூலையில் ஒரு டின் தட்டுப்பட்டது. லேபிள் எலி தின்று போயிருந்தது, மூடியில் மொக்கராசு கையெழுத்தில் சிவப்புப் பெயிண்டால் '30, 1984' என்று எழுதியிருந்தது. முப்பது நம்பர் ஆயில். அந்தக் காலத்தில் சின்ன இன்ஜினுக்கெல்லாம் அதுதான். ஆயில் எங்கே கெடப்போகிறது என்று முக்கால் டின்னை ஊற்றி, எதிர்த்த சலூன் கண்ணுச்சாமியிடம் ஒரு பாட்டில் பெட்ரோல் வாங்கி வரச் சொல்லி ஊற்றி, கயிற்றை மூன்று தரம் இழுத்தாள். நாலாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டு குண்டு பல்பு எரிந்தது.

"ஏய் தவம், எங்கடி போன இம்புட்டு நேரம்?" என்றார் மொக்கராசு.

தவமணி திரும்பிப் பார்த்தாள், பின்னால் வேறு யாரும் வந்திருக்கிறார்களோ என்று. யாரும் இல்லை. கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். நரம்பெல்லாம் உள்ளே போய், தோல் இழுத்துக் கட்டி, கையே புதுசாக இருந்தது. பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுப் பார்த்தாள், கருகருவென்று இடுப்புக்குக் கீழே தொங்கியது. எதிரே முப்பத்து மூன்று வயசில், கிருதா வைத்துக்கொண்டு, அவளைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் இருந்த அதே சிரிப்போடு அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தான். பயம் என்பது அவளுக்குக் கொஞ்சமும் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"எங்க போனனா? ரெண்டு வருசமா ஒங்களுக்குச் சோறு போட்டவ எவளாம்?" என்று கத்தினாள். கத்திவிட்டு அவர் நெஞ்சில் விழுந்து அழுதாள். எட்டு மணிக்குக் கரண்ட் வந்து, பெட்ரோலும் தீர்ந்து இன்ஜின் நிற்கிற வரைக்கும் ரெண்டு பேரும் பேசினார்கள்.

அந்த ரெண்டு மணி நேரத்தில் ஜன்னல் வழியாகத் தெருவில் விழுந்த வெளிச்சத்தைத் தாண்டிப்போன கண்ணுச்சாமி, சைக்கிள் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்துவிட்டான். சலூன்காரன் தலையில் ஒரு முடி இல்லாதது அந்தத் தெருவின் நிரந்தரக் கேலி. அவனுக்கு அன்றைக்குச் சுருட்டை சுருட்டையாக, நெற்றியில் விழுந்து கண்ணை மறைக்கிற மாதிரி முடி இருந்தது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, தலையைத் தடவிக்கொண்டு, 'யாத்தே, யாத்தே' என்று தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினான். மறுநாள் ஆறு மணிக்குத் தவமணி வீட்டு வாசலில் முப்பது பேர் நின்றார்கள்.

அப்புறம் என்ன, நம்ம ஜனங்களுக்குப் பழக எத்தனை நாள் ஆகும்? ஒரு வாரத்தில் வயரை இழுத்து வாசலில் ஒரு பல்பு, ஒர்க்‌ஷாப் நடுவில் ஒரு பல்பு என்று தொங்கவிட்டு, பெஞ்சு கொண்டுவந்து போட்டு, கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற முறை மாதிரி வீட்டுக்கு ஒரு நாள் பெட்ரோல் என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். வெயிலோ கரண்ட் விளக்கோ பட்டால் அந்த வெளிச்சத்தின் மாயம் கலைந்துவிடும் என்பதையும் கண்டுகொண்டார்கள். தையல்கார அம்மா வெளிச்சத்தில் ஒருத்திக்கு அளவெடுத்து ஜாக்கெட் தைத்துக் கொடுத்து, காலையில் அது தோளுக்கு மேலே ஏறாமல் தகராறாகி, அன்றிலிருந்து அளவெடுப்பதெல்லாம் பகலில்தான் என்று முடிவானது. விசாரிக்க வந்த ஏட்டய்யா தன் தொப்பை காணாமல் போனதைத் தடவிப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒன்றும் எழுதாமல், நாளைக்கு வீட்டுக்காரியைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பாகப் பிரிவினைச் சண்டையில் இருபது வருஷமாக முகம் பார்க்காத ஜவுளிக்கடை அண்ணன் தம்பி ரெண்டு பேரும், சண்டைக்கு முந்தின முகத்தோடு எதிரெதிரே உட்கார்ந்து, மதுரைக்குப் போகிற சின்ன ரயிலில் கள்ளச் சவாரி போன கதையைப் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். கரண்ட் வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். எண்பத்து நாலில் பிறந்தே இராததால் அந்த வெளிச்சத்தில் மாறாமல் நின்ற காலேஜ் பயல்கள் தங்கள் அப்பன்மாரைத் தங்கள் வயசில் பார்த்துவிட்டு, நாலு நாள் வீட்டில் எதிர்த்துப் பேசாமல் இருந்ததாகவும் கேள்வி.

விளக்கு இருக்கிறவர்களைத்தான் திருப்பிக் காட்டியது, இல்லாதவர்களைக் கொண்டுவரவில்லை. மகனைப் பறிகொடுத்த பூக்கார அம்மா ஒரே ஒரு நாள் வந்து, எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனவள் மறுபடி வரவில்லை. அவளுக்காகத் தெருவில் ரெண்டு நாள் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை.

மற்றபடி அந்த ரெண்டு மாசமும் மண்டித் தெரு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மேற்கே மேகம் திரண்டால் போதும், எண்பத்து நாலில் அடித்த மழையையும், மண்டி வாசலில் மலை மலையாகக் கொட்டிக் கிடந்த ஏலக்காயின் வாசத்தையும், மூட்டைக்கு மேலே ஏறி உட்கார்ந்து வந்த ஜீப்புகளையும், ரயில் ஊதுகிற சத்தத்தை வைத்து உலை வைத்ததையும் ஆள் மாற்றி ஆள் சொல்லுவார்கள். ரயில் நின்றுபோய்த் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அது ஊதாத ஊரில் அந்தப் பல்புக்கு அடியில் மட்டும் அது நேரம் தவறாமல் வந்து போய்க்கொண்டிருந்தது.

தவமணி இந்தக் கூட்டத்தில் கலந்துகொள்ளமாட்டாள். ஒர்க்‌ஷாப் பல்புக்கு அடியில் புருஷனோடு உட்கார்ந்திருப்பாள். எண்பத்து நாலில் அவர்களுக்குப் பிள்ளை இல்லை, கல்யாணமாகி நாலு வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசிய வருஷம் அது. அந்தக் கவலை மொக்கராசுக்கு அப்படியே இருந்தது.

"நமக்குப் பொறக்குமாடி தவம்?" என்பார் தினமும்.

"பொறக்கும். பொம்பளப் பிள்ள. ஒங்க மூக்கு, என் நெறம்."

"கண்டவ கணக்காச் சொல்லுற."

"கண்டவதான்" என்பாள். அந்த வருஷத்தில் அவளே ராத்திரியெல்லாம் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதவள், இப்போது அவர் தலையைக் கோதிக்கொண்டு அவ்வளவு தைரியமாகச் சொல்லும்போது, இருபத்தெட்டு வயதில் கிடைக்காத ஒரு நிம்மதி அவளுக்குக் கிடைத்தது. பகலெல்லாம் 'யாரும்மா நீங்க' என்று கேட்கிற மனுஷனை ஆறு மணி வரைக்கும் பொறுத்துக்கொள்வது அதற்கப்புறம் ஒரு கஷ்டமாகவே இல்லை.

ஆனால் ஆயில் என்று ஒன்று இருக்கிறதே.

தெருமுனையில் ஆயில் கடை வைத்திருந்த ஹனிபா ராவுத்தர், மொக்கராசுக்கு மச்சான் முறை கொண்டாடுகிறவர். சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் ஆயில் குச்சி வைத்திருக்கிற ஆள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஒன்றரை மாசம் கழித்து ஒரு நாள் பகலில் வந்து குச்சியை உருவி, ரெண்டு விரலுக்கு நடுவில் ஆயிலைத் தேய்த்து, மோந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"தங்கச்சி, தார் மாதிரி ஆயிப்போச்சு. அம்பது மணி நேரம், மிஞ்சிப்போனா நூறு. அதுக்குள்ள மாத்தணும். ஆயிலு என்ன பழைய சோறா, தண்ணி ஊத்தி வச்சா மறுநாளும் திங்கலாம்ங்கறதுக்கு? கருகுனது கருகுனதுதான்."

"மாத்துனா?"

ஹனிபா குச்சியைத் துடைத்தார். அவருக்கும் தெரியும். அவரும் தினம் வந்து உட்கார்ந்து, பல் எல்லாம் முளைத்த வாயால் முறுக்குக் கடித்துவிட்டுப் போகிறவர்தான். "மிச்சம் இருக்கற கால் டின்னை ஊத்தி ஊத்தி ஓட்டலாம்" என்றார் கடைசியில். "அதுக்குள்ள வேற ஆயிலு சிக்குதான்னு பாப்போம்."

அன்றிலிருந்து மண்டித் தெருவே ஆயில் ஆராய்ச்சியில் இறங்கியது. ஜெராக்ஸ் கடைக்காரர் தன் ஜெனரேட்டரைக் கொடுத்தார், அதில் ஒவ்வொரு ஆயிலாக ஊற்றிப் பார்ப்பது என்று பேச்சு. பைக்குக்கு ஊற்றுகிற இருபது நாற்பது நம்பரை ஊற்றினார்கள். சத்தம் கொஞ்சம் அடங்கியது, வழுக்கை வழுக்கையாகத்தான் இருந்தது. லாரிக்கு ஊற்றுகிற பதினைந்து நாற்பதை ஊற்றினார்கள். கயிறு இழுத்தவனுக்குத் தோள்பட்டை பிசகியது. தேவாரம், கம்பம், தேனி என்று பஸ் ஏறிப் போய்ப் பழைய கடைகளின் பரணையெல்லாம் உருட்டி முப்பது நம்பர் டின் நாலு கொண்டுவந்தார்கள். ஒன்று எழுபத்தொன்பது, ஒன்று தொண்ணூற்றிரண்டு, ரெண்டுக்கு வருஷமே தெரியவில்லை, நாலிலும் வெளிச்சம் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. விளக்கெண்ணெய் ஊற்றலாம் என்று ஒருத்தர் சொன்னபோது ஹனிபா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

"இங்க பாருங்கய்யா, மாயத்துக்கு எந்த ஆயிலுன்னு எனக்குத் தெரியாது. இந்த இன்ஜினுக்கு எந்த ஆயிலுன்னு கேட்டா பத்து டபிள்யூ முப்பது. மலையில விடியக்காலப் பனியில இழுத்தாலும் எளகி ஓடும், மத்தியானம் கொதிக்கக் கொதிக்க ஓடுனாலும் தண்ணியாப் போகாது. வெறும் முப்பது, குளுருல வெறச்சுக்கிட்டுக் கெடக்கும், ஆனா இன்ஜினக் கெடுக்காது. மத்ததெல்லாம் அடுத்தவன் செருப்பு. கால்ல ஏறும், நடக்க முடியாது."

இப்படி ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணுச்சாமி அந்த வேலையைச் செய்தான். கெட்ட எண்ணம் கிடையாது. மண்டித் தெருவில் பாதிப் பேர் மொபெட் ஓட்டுகிறவர்கள். பங்க்கில் ஒரு லிட்டர் பெட்ரோல் என்றால் கூடவே அளந்து ஆயிலையும் டேங்கிலேயே ஊற்றிக் குலுக்குவதுதான் அவர்களுக்குத் தெரிந்த இன்ஜின் சாஸ்திரம், ஜெனரேட்டரில் ஆயிலுக்குத் தனி வழி என்பது தெரியாது. அன்றைக்குப் பெட்ரோல் முறை அவனுடையது. தவமணி உள்ளே மொக்கராசுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருக்க, முடி இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக வரட்டுமே என்கிற நைப்பாசையில், பெஞ்சின் மேலிருந்த கால் டின்னை எடுத்து மொத்தத்தையும் பெட்ரோல் டேங்கில் கவிழ்த்துவிட்டான்.

இன்ஜின் நீலப் புகையாகக் கக்கியது. தெருவே இருமியது. ப்ளக்கைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டி ஓடவிட்டார்கள், ஆனால் டின்னில் மிச்சமிருந்த எண்பத்து நாலாம் வருஷத்து ஆயில் கடைசிச் சொட்டு வரைக்கும் சைலன்சர் வழியாகப் புகையாகப் போய், மேற்கே மலைப்பக்கம் கலைந்தது.

"மதினி, என்னைச் செருப்பால அடிங்க" என்று கண்ணுச்சாமி வந்து நின்றான். "மொபெட்டுன்னே நெனைச்சுட்டேன்."

தவமணி அடிக்கவில்லை. "ஒன் தலையில மட்டுமா, எழவு, எல்லார் தலையிலயும் மண்ணள்ளிப் போட்டியேடா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்புறம் இன்ஜினுக்குள் இருந்த கருப்பு ஆயில்தான் மிச்சம். நாளுக்கு நாள் அதுவும் குறைந்தது. ஐப்பசி பிறந்தபோது 'கட கட' என்று ஒரு தட்டல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஹனிபா பகலில் வந்து, ஒரு லிட்டர் பத்து டபிள்யூ முப்பது டின்னைத் தன் கையாலேயே பெஞ்சின் மேல் வைத்தார்.

"ஓட்டுனா இன்னும் அஞ்சாறு நாளு தாங்கும், தங்கச்சி. அப்புறம் இழுத்துப் பிடிச்சு நின்னுரும். பேரிச்சம்பழத்துக்குத்தான் போடணும். இப்ப மாத்துனா இன்னும் பத்து வருசம் ஓடும், வெறும் விளக்கா. ஒன் இஷ்டம். தெருவுல யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க, நான் சொல்லிட்டேன்."

"அஞ்சாறு நாளுன்னா பத்துப் பன்னெண்டு மணி நேரம்ணே" என்றாள் தவமணி. "அதை எனக்கு விட்டுருங்க."

ஹனிபா தலையை ஆட்டிவிட்டுப் போனார். டின்னை எடுத்துப்போகவில்லை.

மூன்றாம் நாள். ஆறு மணிக்குக் கரண்ட் போனது, கயிறு இழுத்தாள், பல்பு எரிந்தது. வெளியே பெஞ்சில் தெரு உட்கார்ந்திருந்தது. மொக்கராசு 'தவம்' என்றார், அவள் போய் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி மதுரைக்குப் போகலாம் என்றார், போகலாம் என்றாள். மல்லிகைப்பூவை உதிராமல் கொண்டுவருவது எப்படி என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுக் காதைத் திருப்பினார்.

"அது என்னடி சத்தம்?"

"ஒன்னுமில்ல. நீங்க சொல்லுங்க."

"ஒன்னுமில்லையா? உள்ள ராடு தட்டுது. எவன்டி இது, ஆயில மாத்தாம ஓட்டுற கொலகாரப் பய? யாரு இன்ஜின் இது?"

தவமணி ஒருதரம் இன்ஜினைப் பார்த்தாள். அப்புறம், "நம்மளதுதான்" என்றாள்.

"நம்மளதா? நம்ம கடையிலயா இந்தச் சத்தம்?" அவர் முகம் சிறுத்துப் போனது. ஊரார் வந்து உட்கார்ந்திருக்கிற வாசலைப் பார்த்தார், அவமானத்தில் குரலைத் தணித்தார். "நாலு பேரு கேக்க இதை ஓட விட்டுட்டு உக்காந்து கதையா பேசுறேன் நானு?"

எழுந்து போய் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார். தவமணி அந்தக் கையைப் பார்த்தாள். ரெண்டு வருஷமாக ஒரு பித்தானின் ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாமல் நடுங்கின கை அது. இந்த வெளிச்சத்தில்கூட, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெண்டு மாசமும், அது அவள் கைக்குள் சும்மா கிடந்ததே தவிர ஒரு வேலையும் செய்ததில்லை. இப்போது அது காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இன்ஜினைத் தொட்டது. விரல் தானாகப் போய்ச் சுவிட்சைத் தேடியது.

"எட்டு மணி வரைக்கும் ஓடட்டுங்க" என்று ஓடிப்போய் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்ற மணி நேரந்தான். ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"ஒன்ற மணி நேரத்துல ராடு தெறிச்சு இன்ஜினு செத்துரும்டி."

"இதை நிறுத்துனா நான் போயிருவேங்க."

"எங்க போவ?"

"கொஞ்ச தூரம்" என்றாள்.

"போயிட்டு வந்துருவீல்ல?"

இத்தனை நாளும் தன் முகத்தைக் காட்டித்தான் இந்த மனுஷனை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவரோ முகத்தைப் பார்க்காமல், இன்ஜினையே பார்த்துக்கொண்டு, வேலை தெரிந்த மொக்கராசாக முழுசாக நின்றுகொண்டிருந்தார். அவரைத் தடுத்தால் மூன்று நாள் அவள் பெண்டாட்டியாக இருக்கலாம். அந்த ஆசை அவளுக்கு நிறையவே இருந்தது. ஆனாலும் விரலை விட்டுவிட்டாள்.

"வந்துருவேன்" என்றாள்.

இன்ஜின் நின்றது. வெளியே பெஞ்சில் 'அடடா' என்று ஒரு சத்தம் எழுந்து, ஹனிபா ஏதோ அதட்ட, அடங்கியது. இருட்டில் மொக்கராசின் மூச்சு மட்டும் கேட்டது. தவமணி மடியிலிருந்த செல்லை எடுத்து டார்ச்சைப் போட்டாள். அறுபத்தொரு வயசு மொக்கராசு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"யாரும்மா அது? நல்லதாப் போச்சு, இந்தா இங்கன கீழ காட்டுங்க. சூடு ஆறதுக்குள்ள வடிக்கணும், அப்பத்தான் கசடெல்லாம் சேந்து வரும்."

அவள் குனிந்து காட்டினாள். அவர் கேட்கக் கேட்க ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள், பழைய சட்டியை அடியில் வைத்தாள். போல்ட்டைக் கழற்றியதும் எண்பத்து நாலாம் வருஷம் கட்டிக் கருப்பாக, நூல் மாதிரி, நின்று நின்று சட்டியில் இறங்கியது. மொக்கராசு அதில் விரலைத் தொட்டுத் தேய்த்து, 'பொடி தட்டுது, இன்னும் ரெண்டு நாளு விட்டிருந்தா போயிருக்கும்' என்றார். பிறகு நிமிர்ந்து, "நல்ல ஆயிலு இருக்காம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சட்டி ஆயிலையே திருப்பி ஊற்றச் சொல்லியிருந்தாலும் யாரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். தவமணி பெஞ்சின் மேலிருந்து ஹனிபாவின் டின்னை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் வெளிச்சத்தில் டின்னைத் திருப்பித் திருப்பி எழுத்தைப் பார்த்தார். "பத்து டபிள்யூ முப்பதா? யாரு எடுத்துட்டு வந்தது, விவரமான ஆளா இருப்பான் போல. இதுதாங்கம்மா வேணும்." தேன் நிறத்தில் இருந்த ஆயிலைப் புனல் வைத்து நிதானமாக ஊற்றினார், ஆயில் குச்சியைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்த்தார், இன்னும் ரெண்டு மடக்கு ஊற்றினார், மறுபடி பார்த்தார். பிறகு கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு. தட்டல் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, இன்ஜின் சீராக ஓட ஆரம்பித்தது.

பல்பு எரிந்தது. வாசலில் இருந்த அத்தனை பேரும் அவரவர் வயசில் இருந்தார்கள், கண்ணுச்சாமியின் தலை பளபளத்தது. யாரும் புலம்பவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, பெஞ்சைத் தூக்கிச் சுவரோரம் போட்டுவிட்டு நடந்தார்கள். ஜவுளிக்கடை அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தம்பியின் நரைத்த தலையைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்று, "வாடா" என்றார். ரெண்டு பேரும் ஒரே பக்கம் போனார்கள்.

தவமணிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவள் புருஷன் முகத்தையே பார்த்தாள். மொக்கராசு பஞ்சுக் கழிவில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து, நரைத்த தலையும் சுருங்கின கன்னமுமாக நின்ற அவளைப் பார்த்தார். அடையாளம் ஒன்றும் அந்தக் கண்ணில் இல்லை. அவள் எதிர்பார்த்ததுதான், ஆனாலும் நெஞ்சில் ஓங்கிக் குத்தின மாதிரி வலித்தது. அவர் சொல்லுமுன் தானே போய்விடலாம் என்று முன்வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க?"

"பொழுது சாஞ்சுருச்சுங்க. ஒங்க வீட்டுக்காரம்மா வந்தா..."

"அட, இருங்கம்மா. விளக்கை ஆடாம அசையாமப் பிடிச்சீங்க, கேக்கறதுக்கு முந்தி எடுத்துக் கொடுத்தீங்க. ஒங்க கை வேலை தெரிஞ்ச கை. அவ வந்து ஒங்களைப் பாக்கணும். விட்டுட்டேன்னு தெரிஞ்சா என்னைய ஏசுவா." காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தோளில் கிடந்த துண்டால் அதைத் தட்டிவிட்டார். "இப்பத்தான், கொஞ்ச தூரம் போயிட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனா. உக்காருங்க."

"வந்துருவாங்களா?" என்று கேட்டாள் தவமணி.

"வந்துருவா. சொன்னாச் சொன்னதுதான் அவளுக்கு."

தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மொக்கராசு இன்னொரு ஸ்டூலை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ரெண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு தவமணிக்காகக் காத்திருந்தார்கள்.